ஒன்பது மாத வருஷம்

மனிதனுக்கு வயது தானாக ஏறுகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. வயது என்பது உரிய படிவத்தில் விண்ணப்பித்து, இரண்டு புகைப்படம் ஒட்டி, மூன்றாவது ஜன்னலில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள். வயதுச் சான்று அலுவலகம் அதற்காகத்தான் இருக்கிறது. அங்கே சான்று வாங்காதவர் எழுபது வருஷம் வாழ்ந்து பல்லெல்லாம் கொட்டியிருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் இன்னும் பிறக்கவில்லை.

அந்த மூன்றாவது ஜன்னலில் முப்பத்து நான்கு வருஷமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் முத்திரையார் என்றே அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது. நிமிஷத்துக்கு நாற்பது முத்திரை குத்துவார். ஒன்று கோணாது, ஒன்றில் மசி வழியாது. சுற்றறிக்கை என்று எது வந்தாலும் இரண்டு முறை படித்து, கையெழுத்துப் போட்டு, அதன்படியே நடந்துவிடுவார். இந்தக் கடைசிப் பழக்கம் அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் இல்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வேலை நாள் ஒன்றில், பகல் ஒரு மணிக்கு, சொந்த வீட்டில், மனைவிக்கு எதிரே உட்கார்ந்து சோற்றைச் சூடாகச் சாப்பிட வேண்டும். காலை ஏழு மணிக்குக் கட்டிய டிபன் பாக்ஸை ஒரு மணிக்குத் திறந்து, கட்டிதட்டிப் போன சோற்றைக் கரண்டியால் வெட்டி எடுத்தே முப்பத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவர் மனைவி தையல்காரி. ஞாயிற்றுக்கிழமைதான் ஊரே அளவு கொடுக்க வரும். அன்று இருவரும் நின்றுகொண்டே எதையாவது வாயில் போட்டுக்கொள்வார்கள். சாப்பாட்டு மேஜையில் வெட்டிய துணிதான் உட்கார்ந்திருக்கும்.

அவர் ஓய்வு பெறும் நாளுக்கு மறுநாளைத் தையல்காரியம்மா காலண்டரில் சிவப்பு நூலால் குத்தி வைத்திருந்தாள். விளிம்பு வைத்த பெரிய தட்டு இரண்டு வாங்கி, காகிதம் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தாள். இன்னும் பதின்மூன்று மாதம்.

அப்போதுதான் புது இயக்குநர் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது. அவர் கையிலிருந்த கடிகாரம் அவர் எத்தனை அடி நடந்தார், எத்தனை முறை மூச்சு விட்டார் என்று சொல்லும். மணி கேட்டால் மட்டும் யோசிக்கும். காலையிலும் வெந்நீர் குடிப்பார், மாலையிலும் வெந்நீர் குடிப்பார். முதல் கூட்டத்திலேயே ஊழியர்களைப் பார்த்துக் கேட்டார்.

"நான் ஏழு வருஷமா கால் வயித்தைக் காலியா விட்டுத்தான் சாப்பிடறேன். என்னைப் பார்த்தா என்ன வயசு சொல்வீங்க?"

"முப்பத்தஞ்சு சார்" என்றார் ஒருவர்.

"முப்பதுக்கு மேல ஒரு நாள் சொல்ல முடியாது சார்" என்றார் தலைமை எழுத்தர். இயக்குநர் நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

மறுவாரம் இயக்குநர் ஓர் உணவியல் டாக்டரம்மாவை உரையாற்ற அழைத்தார். டாக்டரம்மா நல்லவர். தெரிந்ததை மட்டும் சொல்பவர். அதனால் அவருடைய பேச்சு அந்த அலுவலகத்தில் எடுபடவில்லை.

"கலோரியைக் குறைச்சா உடம்பு தன்னோட செலவையும் குறைச்சுக்குது. அடுப்பைச் சின்னதா எரிய விடற மாதிரி. வளர்சிதை மாற்றம் நிதானமாகுது. முதுமை வர்ற வேகமும் லேசா குறையற மாதிரி சில ஆராய்ச்சியில தெரியுது. லேசாத்தான். நூத்துக்கு ரெண்டு, மூணு. அதுவும் சத்து குறையாம, டாக்டர் கவனிப்புல செய்யணும். வயசானவங்களுக்கும் ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் எலும்பும் தசையும் கரையும். அவங்க இந்தப் பக்கமே வரக் கூடாது."

"சாப்பாட்டுல எவ்வளவு குறைக்கணும்?" என்றார் இயக்குநர்.

"நாலுல ஒரு பங்கு குறைக்கச் சொல்லிப் பார்த்தாங்க. ஆனா அதுல பாதியைத்தான் ஜனங்களால குறைக்க முடிஞ்சுது."

"நம்ம ஊழியர்களால முடியும். அப்போ சாப்பாடு நாலுல ஒண்ணு குறைஞ்சா, வயசும் நாலுல ஒண்ணு குறையும்."

"ஐயோ, இல்ல சார். நூத்துக்கு ரெண்டோ மூணோன்னுதான் சொன்னேன்."

இயக்குநர் வயதுச் சான்றுப் படிவம் ஒன்றை எடுத்து டாக்டரம்மா முன்னால் நீட்டினார். "இதுல பாருங்க. வருஷத்துக்கு ஒரு கட்டம், மாசத்துக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான். நூத்துக்கு ரெண்டுன்னா வருஷத்துக்கு ஏழு நாள் வருது. நாளை எங்க எழுதறது? கட்டமே இல்லையே. நாலுல ஒண்ணுன்னா மூணு மாசம். கச்சிதமா உக்காருது."

"அதுக்காக உடம்பு படிவத்தைப் பார்த்து நடக்குமா சார்?"

"இத்தனை வருஷமா நடந்திருக்கே" என்றார் இயக்குநர்.

டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வாசலில் முத்திரையாரைப் பார்த்ததும் நின்று, "அண்ணே, நீங்க ஏற்கெனவே ஒல்லி. தயவு செஞ்சு குறைச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முத்திரையார் தலையாட்டினார். ஆனால் டாக்டரம்மா சொன்னது வாய்ச்சொல். மறுநாள் காலை மேஜைமேல் இருந்தது சுற்றறிக்கை.

"பொருள்: ஊழியர்களின் முதுமை, தள்ளிவைத்தல், நடைமுறைகள் தொடர்பாக. மேற்படி ஊழியர்கள் தத்தமது உணவில் நான்கில் ஒரு பங்கைப் பொதுநலன் கருதி உண்ணாமல் விட வேண்டும். அவ்வாறு விட்டவர்களுக்கு அந்த ஆண்டில் ஒன்பது மாதம் மட்டுமே வயது ஏறியதாகக் கொள்ளப்படும். உண்ணாமைப் பதிவேட்டில் தினமும் கையொப்பமிட வேண்டும்."

கேன்டீனில் தட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டு சாசர்களை அடுக்கினார்கள். கரண்டிகளின் முனையைக் கொல்லர் வந்து ரம்பத்தால் அறுத்து, அறுத்த துண்டுகளுக்கு ரசீது கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுச் சாப்பாட்டுக்காரர்களின் டிபன் பாக்ஸுக்குள் முக்கால் உயரத்தில் சிவப்புக் கோடு போடப்பட்டது. எல்லோரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு ஆவண அறைக்குப் போய், நாற்பது வருஷத்துக் கோப்புகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு பன் தின்றார்கள். தலைமை எழுத்தர் அங்கே ஒரு வெண்ணெய் டப்பாவே வைத்திருந்தார்.

முத்திரையார் ஒருவர்தான் உண்மையிலேயே குறைத்தார். மூன்றாம் மாதம் அவருக்குக் குளிர ஆரம்பித்தது. ஊரே வியர்வையில் நனைந்துகொண்டிருந்தபோது அவர் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மின்விசிறியை அணைக்கச் சொன்னார். நிமிஷத்துக்கு நாற்பது குத்தியவர் இருபத்திரண்டுக்கு இறங்கினார். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, "பிரமாதம். உங்க வளர்சிதை மாற்றம் நிதானமாயிடுச்சு" என்று முதுகில் தட்டினார். தட்டியதில் முத்திரையார் மேஜைமேல் சாய்ந்துவிட்டார்.

வீட்டில் தையல்காரியம்மா அளவு நாடாவை அவர் இடுப்பில் சுற்றினாள்.

"முப்பத்து நாலு இருந்துச்சு. இப்போ முப்பது. பேன்ட்டை இதுக்கு மேல பிடிச்சுத் தைச்சா ரெண்டு பாக்கெட்டும் ஒண்ணாயிடும். எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?"

"சுற்றறிக்கைம்மா. இன்னும் கொஞ்ச நாள்தானே. அப்புறம் பெரிய தட்டுல சாப்பிடலாம்."

வருஷம் முடிந்தது. ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது முத்திரையார் தன் ஓய்வுக் கோப்பை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் கோப்பைப் பார்த்தார், உண்ணாமைப் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு முகமெல்லாம் சிரிப்பாக அவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி. போன வருஷம் உங்களுக்கு ஒன்பது மாசம்தான் வயசாகியிருக்கு. அடுத்த மாசம் உங்களுக்கு அறுபது ஆகாது. அம்பத்தொன்பது வருஷம் ஒன்பது மாசம்தான்."

முத்திரையார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ ஓய்வு?"

"இன்னும் மூணு மாசம் தள்ளி. அந்த மூணு மாசமும் நீங்க குறைச்சுத்தான் சாப்பிடுவீங்க, உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதனால அது நாலு மாசமாகும். இளமையை அனுபவிங்க."

அன்று மாலை தையல்காரியம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். காலண்டரில் குத்தியிருந்த சிவப்பு நூலை மெதுவாகப் பிரித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கொஞ்சம் கோபமாகவே பேசினாள்.

"குறைச்சா வயசு குறையுதுன்னா, கூட்டினா ஏறணும் இல்ல? தின்னுங்க. மடமடன்னு தின்னு, சீக்கிரம் கிழவனாகி வீடு வந்து சேருங்க."

இதில் முத்திரையாருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. காலையில் நாலு முட்டை, பதினோரு மணிக்கு வாழைப்பழம் ஆறு, பகலில் இரண்டு டிபன் பாக்ஸ், மாலையில் கேக், படுக்கும் முன் ஒரு செம்பு பால். முதல் வாரம் மூச்சு முட்டியது. பிறகு பழகிவிட்டது. உடம்பில் சூடு வந்தது, ஸ்வெட்டர் போனது, கை பழைய வேகத்துக்குத் திரும்பியது. தையல்காரியம்மா பிடித்த தையலை எல்லாம் பிரித்து, பக்கத்தில் ஒட்டுத் துணியும் வைத்தாள். இரண்டு மாதத்தில் இடுப்பு முப்பத்தேழு. கேன்டீன்காரரிடம் நாள்வாரியாக அத்தாட்சி வாங்கிக்கொண்டு முத்திரையார் மறுபடி இயக்குநரிடம் போனார்.

"சார், ரெண்டு மாசமா ஒண்ணரைப் பங்கு சாப்பிட்டிருக்கேன். அதுக்கு உண்டான வயசைக் கூட்டிக் கொடுத்தீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

இயக்குநருக்கு முகம் சுருங்கியது. "கூட்டறதா? குறைக்கறதுக்குத்தான் சுற்றறிக்கை இருக்கு. கூட்டறதுக்கு எங்க இருக்கு? அரசாங்கம் எதையாவது குறைச்சுப் பார்த்திருக்கீங்க, கேட்டதும் கூட்டிக் கொடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

முப்பத்தைந்து வருஷச் சர்வீஸில் முத்திரையார் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லைதான். திரும்பி வந்து ஜன்னலில் உட்கார்ந்தார்.

இதற்குள் சேதி ஊரில் பரவிவிட்டது. வயதைக் குறைக்கிறார்கள் என்றால் சும்மா இருப்பார்களா? விருந்துக்குக் கூப்பிட்டுக் காலித் தட்டை நீட்டுவது பெரிய வீடுகளில் நாகரிகமாயிற்று. தட்டு எவ்வளவு பெரிதோ, அதில் சோறு எவ்வளவு சிறிதோ, அவ்வளவு கௌரவம். வெந்நீர்க் கடை ஒன்று திறந்து, உட்கார இடமில்லாமல் ஓடியது. எல்லோரும் சான்று கேட்டு வந்ததால், இனிப் பொதுமக்களுக்கும் இதே விதி என்று இரண்டாவது சுற்றறிக்கை வந்தது.

அந்த வாரம் சாலை வேலை செய்யும் அம்மா ஒருத்தி ஜன்னலுக்கு வந்தாள். கல் சுமந்து தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அறுபத்தாறு வயது. முதியோர் உதவிக்கு மனுப் போட வயதுச் சான்று வேண்டும். இதற்காக அவள் ஏழு முறை நடந்திருக்கிறாள். கோப்பைக் கையில் வைத்திருந்த தலைமை எழுத்தர்தான் விசாரித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவே?"

"கிடைச்சா ரெண்டு வேளை. அதுவும் அரை வயிறுங்க."

"எத்தனை வருஷமா?"

"பொறந்ததிலிருந்தேதான்."

தலைமை எழுத்தர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "பாதிச் சாப்பாடுன்னா பாதி வயசு. உனக்கு முப்பத்து மூணும்மா. முதியோர் உதவி கிடையாது."

"ஐயா, என் பெரிய மகனுக்கே நாப்பத்தெட்டு ஆகுதுங்க."

"அது அவன் நல்லாச் சாப்பிட்டதால வந்தது."

"எனக்கு இல்லாததை அவனுக்குப் போட்டு வளர்த்தேன்யா. அதுக்காக அவன் என்னைவிடப் பெரியவனாயிடுவானா?"

"விதிப்படி அப்படித்தான். மரியாதையா அண்ணேன்னு கூப்பிடு" என்றார் தலைமை எழுத்தர்.

அவள் முத்திரையாரைப் பார்த்தாள். அவர் எதிரே இரண்டு டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. அவர் மனசுக்கு மிகவும் அசிங்கமாக இருந்தது. ஒரு டிபன் பாக்ஸை மூடி ஜன்னல் வழியாக அவள் பக்கம் தள்ளினார்.

"இதைச் சாப்பிட்டா எனக்கு வயசு ஏறுமாய்யா?" என்று கேட்டாள் அவள்.

அப்படி அரை வயிற்றோடு இளமையாக இருந்தவர்களின் கோப்புகள் முந்நூறு சேர்ந்துவிட்டன. இயக்குநர் முத்திரையாரைக் கூப்பிட்டார்.

"முந்நூறிலயும் 'வயது போதாது'ன்னு குத்திடுங்க. அதை முடிச்சுட்டீங்கன்னா உங்க மூணு மாசத்தை நான் தனிச் சலுகையா தள்ளுபடி பண்ணிடறேன். நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்." பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "கையோட எனக்கும் ஒரு சான்று போட்டுடுங்க. என் எட்டு வருஷத்தையும் கழிச்சு. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டணும்."

நாளைக்கே வீடு. நாளைக்கே பகல் ஒரு மணி. முத்திரையார் அன்று வீட்டுக்குப் போய் அலமாரி மேலிருந்த தட்டு இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தையல்காரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தம்மா டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொண்டு வந்து கொடுத்துச்சா?"

"கழுவிக் கொடுத்துச்சு."

"அப்புறம் என்ன யோசனை?" என்று சொல்லிவிட்டு அவள் தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை முத்திரையார் முதலில் இயக்குநரின் சான்றை எடுத்தார். எட்டு வருஷத்தில் நாலில் ஒன்று இரண்டு வருஷம். நாற்பத்தாறில் இரண்டு போக நாற்பத்து நான்கு. விதிப்படி எழுதி, விதிப்படி முத்திரை குத்தி, விதிப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"நாப்பத்து நாலு! ஆஹா!" என்று இயக்குநர் சான்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"வாழ்த்துக்கள் சார். ஒரே ஒரு சின்ன விஷயம். இயக்குநர் பதவிக்குக் குறைஞ்சபட்ச வயசு நாப்பத்தஞ்சு. இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வரணும் சார். குறைச்சுச் சாப்பிட்டா ஒரு வருஷம் நாலு மாசம்."

"கிழிச்சுப் போடுங்க அதை!"

"முத்திரை விழுந்துடுச்சு சார். தலைமை எழுத்தர் நகல் எடுத்துக்கிட்டு அப்பவே தலைமையகத்துக்குப் பஸ் ஏறிட்டார்."

இயக்குநரின் கடிகாரம் கீச்சிட்டது. "அப்போ நான் போட்ட சுற்றறிக்கை எல்லாம்?"

"வயசுக்கு வராதவர் போட்டது சார். செல்லாது."

இயக்குநர் துள்ளி எழுந்தார். "செல்லாதுன்னா எனக்கு நாப்பத்தாறுதான்! நான் இயக்குநர்தான்!"

"ஆமா சார். நீங்க இயக்குநர்னா சுற்றறிக்கை செல்லும். செல்லும்னா உங்களுக்கு நாப்பத்து நாலு."

இயக்குநர் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அவர் இப்படி எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்த நேரத்தில் முத்திரையார் ஜன்னலுக்குத் திரும்பி, முந்நூறு கோப்பையும் எதிரே இழுத்துப் போட்டு, பிறந்த தேதியைப் பார்த்துப் பார்த்து உள்ளபடியே வயதைக் குத்தினார். இரண்டு மாதம் தின்ற முட்டையும் பாலும் வீண்போகவில்லை. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து விழுந்தது. சாலை வேலை அம்மாவுக்கு அறுபத்தாறு வயது வந்து சேர்ந்தது. அவள் சான்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இப்பத்தான்யா எனக்கு வயசாகியிருக்கு" என்று சிரித்தாள்.

தலைமையகத்திலிருந்து ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. இயக்குநருக்கு நாற்பத்து நான்கா நாற்பத்தாறா என்று ஆராய ஒன்பது பேர் குழு அமைக்கப்பட்டது. குழு முதல் கூட்டத்தை மதிய விருந்தோடு தொடங்கி மாலை விருந்தோடு முடித்தது. அறிக்கை வரும்வரை இயக்குநர் நாற்காலி காலி. ஏற்கெனவே குத்திய முத்திரைகள் செல்லும். தலைமை எழுத்தர் பொறுப்பு இயக்குநர். ஆனால் அவருக்கு அறிவிப்புப் பலகையில் மட்டும் கையெழுத்துப் போட அதிகாரம். ஓய்வுக் கோப்பில் முழு இயக்குநர்தான் கையெழுத்திட வேண்டும்.

"ஊருக்கெல்லாம் வயசைக் கொடுத்தீங்களே, உங்களுக்கு ஒண்ணு குத்திக்க முடியாதா?" என்றாள் தையல்காரியம்மா.

"எனக்கு நானே குத்திக்க விதியில்லம்மா."

கிடைத்த அதிகாரத்தைத் தலைமை எழுத்தர் வீணாக்கவில்லை. வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். "வரிசையில் நிற்கும் நேரத்தில் பொதுமக்கள் எதுவும் உண்பதில்லை. ஆகவே அந்நேரத்தில் அவர்களுக்கு வயது ஏறுவதில்லை. வயது ஏறாத நேரம் கழிந்த நேரம் ஆகாது. ஆகவே இவ்வலுவலகத்தில் தாமதம் என்று எதுவும் நிகழவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது."

கல்லெறிந்து கண்ணாடியை உடைக்கப் போகிறார்கள் என்று முத்திரையார் நடுங்கினார். ஜனங்கள் அறிவிப்பைப் படித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் வரிசை இரண்டு மடங்காகி, வாசலைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி நின்றது. சிலர் மடக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். சிலர் கையில் விண்ணப்பமே இல்லை.

"உங்களுக்கு என்ன சான்று வேணும்?" என்று ஒருவரைக் கேட்டார் முத்திரையார்.

"ஒண்ணும் வேணாங்க. நின்னா நல்லதுன்னு சொன்னாங்க. நீங்க நிதானமாவே பாருங்க."

இப்படியாக முத்திரையார் ஜன்னலை விட்டு எழவே முடியாமல் போயிற்று. ஒரு நாள் தையல்காரியம்மா பொறுத்தது போதும் என்று முடிவு செய்தாள். அலமாரி மேலிருந்த தட்டு இரண்டையும் இறக்கினாள். ஆவி பறக்கும் சோற்றைப் பாத்திரத்தில் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு, ஒரு மணிக்குச் சரியாக அலுவலகத்துக்கு வந்தாள். நேராக ஜன்னலுக்குப் போகப் பார்த்தாள்.

"அம்மா, வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று தெருமுனை வரைக்கும் குரல் எழுந்தது.

"என் வீட்டுக்காரருக்குச் சோறுய்யா. சூடா கொண்டு வந்திருக்கேன்."

"எங்க வீட்டுலயும்தான் சோறு இருக்கு. நாங்க நிக்கலையா?"

அவள் போய்க் கடைசியில் நின்றாள். யாருக்கும் அவசரம் இல்லாத வரிசை. முன்னால் நின்ற ஒருவர் தன் முறை வந்ததும் பெருந்தன்மையாகப் பின்னால் போய் மறுபடி நின்றுகொண்டார். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். துணியைப் பிரித்து, பெரிய தட்டில் சோற்றைக் கொட்டினாள். அது பாத்திரத்தின் வடிவத்திலேயே நின்றது.

முத்திரையார் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, முப்பத்தைந்து வருஷமாக வெட்டிப் பழகிய கரண்டியை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

தையல்காரியம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டு ஒரு படிவத்தை உள்ளே தள்ளினாள்.

"நாலு மணி நேரமா பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலை. எனக்கு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்த்துப் போடுங்க. உங்களுக்கு ஓய்வு வர்ற வரைக்கும் நானும் இருந்தாகணும் இல்ல?"